கிராண்ட் கேன்யனில் முதல் நடை: பிரைட் ஏஞ்சல் பாதையில் இறங்கி ஏறும் முறை

மலையேறிப் பழகியவர்களைத்தான் கிராண்ட் கேன்யன் எளிதாக ஏமாற்றிவிடுகிறது. வெள்ளியங்கிரியில் மூன்றாவது மலையோடு மூச்சு முட்டினால் அங்கிருந்தே திரும்பிவிடலாம், திரும்பும் வழி பெரும்பாலும் இறக்கமாகவே இருக்கும். அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் உள்ள இந்தப் பள்ளத்தாக்கில் முறை தலைகீழ்: கால்கள் தெம்பாக இருக்கும் காலை வேளையில் இறக்கமும், அவை சோர்ந்து வெயிலும் ஏறிய பிறகு ஏற்றமும் வருகின்றன. ஆகவே இங்கே முதலில் முடிவு செய்ய வேண்டியது எவ்வளவு தூரம் போவது என்பதை அன்று, எத்தனை மணிக்குத் திரும்புவது என்பதைத்தான்.

படி 1: பாதையையும் பருவத்தையும் தேர்ந்தெடுத்தல்

தெற்கு விளிம்பிலிருந்து இறங்கும் பாதைகளுள் புதியவர்களுக்கு ஏற்றது பிரைட் ஏஞ்சல் பாதை. ஹவாசுபாய் பழங்குடியினர் நெடுங்காலம் பயன்படுத்திய வழித்தடம் இது. இடையிடையே நிழலும், கல்லால் கட்டிய ஓய்விடங்களும், கழிப்பறைகளும் இதில் உண்டு. அருகிலுள்ள சவுத் கைபாப் பாதையில் காட்சிகள் இன்னும் விரிவானவை என்றாலும், அது மலைமுகட்டின் மேலேயே செல்வதால் நிழல் மிகக் குறைவு, குடிநீர் அறவே இல்லை. அதை இரண்டாம் முறைக்கு வைத்துக்கொள்ளலாம்.

ஏப்ரல், மே, அக்டோபர் மாதங்கள் நடைக்கு உகந்தவை. கோடையில் விளிம்பில் இதமான காற்று வீசும் அதே நேரத்தில், பள்ளத்தாக்கின் அடியில் ஓடும் கொலராடோ ஆற்றங்கரையில் வெப்பம் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டிவிடும். ஜூலை முதல் செப்டம்பர் நடுப்பகுதி வரை பிற்பகல்களில் இடியும் மின்னலும் சேர்ந்துகொள்ளும். குளிர்காலத்தில் பாதையின் மேற்பகுதி பனி உறைந்து கண்ணாடிபோல வழுக்குவதால், காலணிக்கு அடியில் மாட்டும் முள்சங்கிலி இல்லாமல் இறங்கக் கூடாது. பகல் நடைக்குத் தனி அனுமதிச்சீட்டு தேவையில்லை, தேசியப் பூங்காவின் நுழைவுக் கட்டணம் போதும். உள்ளே கூடாரம் அடித்துத் தங்குவதற்கு மட்டும் முன்கூட்டியே அனுமதி பெற வேண்டும்.

படி 2: முதல் நாளை விளிம்பிலேயே கழித்தல்

தெற்கு விளிம்பு கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,100 மீட்டர் உயரத்தில், ஏறத்தாழ உதகமண்டலத்தின் உயரத்தில் இருக்கிறது. சமவெளியிலிருந்து வருபவர்களுக்கு இங்கே படியேறினாலே மூச்சு வாங்கும் என்பதால், வந்த அன்றே இறங்காமல் விளிம்புப் பாதையில் நடந்து உடலைப் பழக்குவது நல்லது. யாவபாய் நிலவியல் அருங்காட்சியகத்துக்கும், விடுதிகள் இருக்கும் கிராண்ட் கேன்யன் கிராமப் பகுதிக்கும் இடையே, ஒரு மீட்டருக்குப் பத்து லட்சம் ஆண்டுகள் என்ற கணக்கில் புவியின் காலத்தைத் தரையில் குறித்திருக்கிறார்கள். அதில் நடந்துவிட்டு மறுநாள் இறங்கினால் பாறை அடுக்குகள் வெறும் வண்ணக் கோடுகளாகத் தெரியா. விளிம்பை ஒட்டிய காட்டில் நிற்கும் முதிர்ந்த பாண்டரோசா பைன் மரத்தின் செம்பழுப்புப் பட்டையில் இருக்கும் வெடிப்புக்குள் மூக்கை வைத்து முகர்ந்து பாருங்கள். வெயில் பட்ட மரமாக இருந்தால் வெனிலா மணம் வரும்.

படி 3: பையில் எடுத்துச் செல்ல வேண்டியவை

பாதையில் ஒன்றரை மைல், மூன்று மைல் தொலைவில் உள்ள ஓய்விடங்களில் குழாய்கள் இருந்தாலும் குளிர்காலத்தில் அவற்றில் நீர் வராது. மற்ற காலங்களிலும் பள்ளத்தாக்கின் குறுக்கே செல்லும் பழைய குழாய் அடிக்கடி உடைகிறது. எனவே முந்தைய நாள் மாலையே பார்வையாளர் மையத்தில் விசாரித்துவிடுங்கள். என்ன பதில் கிடைத்தாலும் ஆளுக்கு இரண்டு லிட்டருக்குக் குறையாமல் மேலிருந்தே கொண்டு செல்லுங்கள்.

தண்ணீரை விட உப்பைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். வியர்வையில் உப்பை இழந்த உடலுக்கு வெறும் தண்ணீரை மட்டும் ஊற்றிக்கொண்டே இருந்தால் இரத்தத்தில் சோடியம் குறைந்து, தலைவலியும் குமட்டலும் குழப்பமும் ஏற்பட்டு, நிலைமை உயிருக்கே ஆபத்தாகலாம். உப்புக் கடலை, முறுக்கு, புளிசாதம் எல்லாம் இங்கே நொறுக்குத் தீனி அல்ல, மருந்து. பசிக்கவில்லை என்றாலும் ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஒரு கைப்பிடி சாப்பிடுங்கள்.

தொப்பி, தலையில் மாட்டும் விளக்கு, ஏற்கெனவே போட்டுப் பழகிய காலணி ஆகியவையும் வேண்டும். புறப்படும் முன் கால் நகங்களை ஒட்ட வெட்டிவிடுங்கள். நான் இதைச் சாதாரணமாக எடுத்துக்கொண்டதால், இறக்கம் முழுவதும் பெருவிரல் காலணியின் முனையில் இடித்துக்கொண்டே வந்து, மறுநாள் நகம் கருத்து, இரண்டு மாதத்தில் கழன்றே விழுந்தது.

படி 4: இறங்குதல்

கிராமப் பகுதிக்குச் செல்லும் இலவசப் பேருந்தில் பிரைட் ஏஞ்சல் விடுதி நிறுத்தத்தில் இறங்கினால், பாதையின் தொடக்கம் அதற்கு மேற்கே சில நிமிட நடையில் இருக்கிறது. பொழுது விடிந்ததும் நடக்கத் தொடங்கிவிடுங்கள். தொடக்கத்தில் விளிம்பைத் தொற்றிக்கொண்டிருக்கும் மரக் கட்டடம் கோல்ப் சகோதரர்களின் பழைய ஒளிப்பட நிலையம். கோவேறு கழுதைகளில் ஏறிச் செல்லும் பயணிகளை இங்கே படம் பிடித்துவிட்டு, படங்களைக் கழுவ விளிம்பில் நல்ல தண்ணீர் இல்லாததால், எமரி கோல்ப் 4.5 மைல் கீழே ஓடி அங்கே கழுவி, பயணிகள் திரும்புவதற்குள் படங்களோடு மேலே வந்துவிடுவாராம். நமக்குப் பாதி நாள் பிடிக்கக்கூடிய ஏற்றம் அது.

பாறையைக் குடைந்த முதல் சுரங்கவாயிலைத் தாண்டியதும் கொண்டை ஊசி வளைவுகள் தொடங்கும். நடை தானாக வேகம் பிடிக்கும், பிடிக்க விடாதீர்கள். வளைவுகளின் குறுக்கே இறங்கினால் மண் சரிவதோடு, கீழே வருபவர் தலையில் கல் உருளும். எதிரே ஏறி வருபவர்களுக்கு வழிவிடுவது இங்குள்ள வழக்கம். கோவேறு கழுதை வரிசை வந்தால் பள்ளத்துக்கு எதிர்ப்புறமாக, மலைச்சுவரை ஒட்டி அசையாமல் நின்று, ஓட்டுநர் சொல்வதைக் கேளுங்கள். கடைசிக் கழுதை 15 மீட்டர் தாண்டிப் போகும் வரை நகர வேண்டாம். அவை விட்டுச்செல்லும் புழுதியும் மூத்திர வாடையும் அடுத்த இரண்டு வளைவுகளுக்கு உங்களோடு வரும்.

படி 5: திரும்பும் இடத்தை முடிவு செய்தல்

ஏறுவதற்கு, இறங்கியதைப் போல இருமடங்கு நேரம் ஆகும் என்பதே கணக்கு. ஒன்றரை மைல் ஓய்விடம் விளிம்பிலிருந்து சுமார் 340 மீட்டர் ஆழத்தில் இருக்கிறது; போய்வர இரண்டு முதல் நான்கு மணி நேரம் பிடிக்கும். மூன்று மைல் ஓய்விடம் சுமார் 645 மீட்டர் ஆழத்தில் இருப்பதால் நான்கு முதல் ஆறு மணி நேரம் ஆகும். முதல் முறை வருபவர்களுக்கு ஒன்றரை மைலே போதும் என்பது என் கருத்து. 4.5 மைலில் உள்ள ஹவாசுபாய் தோட்டம், நடுவே ஓடையும் காட்டன்வுட் மரங்களும் நிற்கும் பசுந்தீவு. அங்கே வாழ்ந்த ஹவாசுபாய் மக்களைப் பூங்கா நிர்வாகம் 1920-களில் வெளியேற்றியது. அவர்களுடைய பெயர் அந்த இடத்துக்கு 2022-இல்தான் வந்து சேர்ந்தது. பார்க்க வேண்டிய இடம்தான், ஆனால் போய்வர ஆறு முதல் ஒன்பது மணி நேரம் ஆகும் என்பதால் வேறொரு குளிர்ந்த நாளுக்கு அதை ஒதுக்கிவையுங்கள். ஒரே நாளில் கொலராடோ ஆற்றங்கரை வரை போய்த் திரும்பலாம் என்ற எண்ணமே வேண்டாம். பூங்காவின் எச்சரிக்கைப் பலகைகள் அதைத்தான் சொல்கின்றன.

ஓய்விடத்தில் கொழுத்த பாறை அணில்கள் காலடிக்கே வந்து நிற்கும். உணவு கொடுக்காதீர்கள், கையைக் கடித்துவிடும்.

படி 6: ஏறுதல்

காலை பத்து மணி முதல் மாலை நான்கு மணி வரை வெயிலில் ஏறக் கூடாது என்பதால், பத்து மணிக்குள் மேலே வந்துவிடும்படி திரும்புங்கள். தாமதமாகிவிட்டால் அவசரப்படாமல், ஓய்விடத்தின் நிழலிலேயே வெயில் தாழும் வரை காத்திருப்பது மேல். குழாயில் நீர் வந்தால் சட்டையையும் தொப்பியையும் நனைத்து அணிந்துகொள்ளுங்கள். வறண்ட காற்றில் ஈரம் உலர உலர உடல் குளிரும்.

பக்கத்தில் வருபவரோடு முழு வாக்கியமாகப் பேச முடிகிற வேகமே சரியான வேகம். அரை மணிக்கொரு முறை உட்கார்ந்து, கால்களை ஒரு கல்லின் மேல் உயர்த்தி வைத்து, ஐந்து நிமிடமாவது இளைப்பாறுங்கள். கூட வருபவர் உளறினாலோ, தள்ளாடினாலோ, ஏறும்போதே உடல் நடுங்கினாலோ அதைக் களைப்பு என்று விட்டுவிடாமல், அவரை நிழலில் படுக்கவைத்து, நீர் ஊற்றிக் குளிர்வித்து, ஓய்விடத்திலுள்ள அவசரத் தொலைபேசிக்கு ஆள் அனுப்புங்கள்.

முதல் சுரங்கவாயில் மறுபடி கண்ணில் பட்டால் விளிம்பு நெருங்கிவிட்டது என்று பொருள். கடைசி வளைவுகளில் தொடை கனக்கும். காலையில் ஓடி ஓடி இறங்கியவர்கள் ஒவ்வொரு திருப்பத்திலும் மலைச்சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பதை இங்கேதான் பார்ப்பீர்கள்.