டிப்ளமோ முடித்து காயில் பட்டறைக்கு வருகிறவர்களுக்கு

மதுரை புதூர், கப்பலூர் தொழிற்பேட்டைப் பக்கம் ரீவைண்டிங் (எரிந்த காயிலை, அதாவது கம்பிச் சுருளை, எடுத்துவிட்டுப் புதிதாகக் கட்டும்) வேலைக்குச் சேர்கிற எலக்ட்ரிகல் டிப்ளமோக்காரர்கள், எரிந்த மோட்டாரைத் திறந்ததும் காயிலை வெட்ட உளியை எடுத்துவிடுகிறார்கள். வெட்டிய பிறகு அது எதனால் எரிந்தது என்று தெரியவே தெரியாது. கட்டிக்கொடுத்த மோட்டார் அதே கோளாறில் திரும்பி வரும்.

கொண்டுவந்தவரிடம் முதலில் கேளுங்கள்: "ஐயா, சுவிட்சு போட்டதும் சுத்தாம உறுமுச்சா, இல்ல ஓடிக்கிட்டிருக்கும்போதே நின்னுச்சா?" உறுமியிருந்தால் மூன்று பேஸில் (மின் லைனில்) ஒன்று வரவில்லையோ என்று சந்தேகப்படுங்கள். அடுத்து காயிலை வெளிச்சத்தில் பாருங்கள். மூன்று பேஸ் காயிலின் ஒரு முனைகளை ஒன்றாகச் சேர்த்த ஸ்டார் இணைப்பில் இரண்டு பேஸ் கருகி ஒன்று மட்டும் நிறம் மாறாமல் இருந்தால், ஒரு பேஸ் போய்த்தான் எரிந்திருக்கிறது. முக்கோணமாகச் சேர்த்த டெல்டாவில் ஒன்று கருகி இரண்டு தப்பியிருக்கும். சுற்றிலும் சீராகக் கருத்திருந்தால் ஓவர்லோடு அல்லது வோல்டேஜ் குறைவு. இதையெல்லாம் மூத்த மெக்கானிக் பார்த்ததும் சொல்லிவிடுவார். கரண்ட் போகும் வழியை வரைந்து, அவர் சொன்னது ஏன் சரி என்று நீங்கள் புரிந்துகொள்ளுங்கள். அந்தப் படிப்பு கல்லூரியில் கிடைக்காது.

ஸ்லாட் (காயில் உட்காரும் பள்ளம்), பிட்ச் (ஒரு காயில் தாண்டும் ஸ்லாட் எண்ணிக்கை), இணைப்பு, சுற்று எண்ணிக்கை எல்லாவற்றையும் வெட்டுமுன் எழுதிவிடுங்கள். கம்பியின் எனாமல் பூச்சை நீக்கிவிட்டுத் தடிமனை அளந்து பாருங்கள். இல்லாவிட்டால் கேஜ் தடிமனாகக் காட்டும்.

கணக்கு கைகொடுக்கிற இடமும் உண்டு. 1 மி.மீ. கம்பி இருப்பில் இல்லை, "அரை மி.மீ. ரெண்டு சேர்த்துப் போடு" என்பார் மூத்த மெக்கானிக். போட்டால் செம்பு பாதிதான். மோட்டார் சூடேறி எரியும். 0.71 மி.மீ. இரண்டு போட வேண்டும். ஃபார்முலா சொல்லி வாதாட வேண்டாம். "அண்ணே, எடை போட்டுப் பாத்துருவமா?" என்று கேளுங்கள். 1 மி.மீ. கம்பியில் ஒரு மீட்டர், அரை மி.மீ. கம்பியில் இரண்டு மீட்டர் நறுக்கித் தராசில் வைத்தால் போதும், அவரே கம்பியை மாற்றிவிடுவார்.

வார்னிஷில் முக்குமுன் காயிலைச் சூடேற்றி ஈரத்தைப் போக்குங்கள். குமிழி நிற்கும்வரை வெளியே எடுக்காதீர்கள். இன்சுலேஷனைச் சோதிக்கும் 500 வோல்ட் மெகரில் 1 மெகாஓமுக்குக் கீழே காட்டினால் வெளியே அனுப்பக் கூடாது.

பட்டறையில் நன்றாக ஓடியதை மட்டும் நம்பாமல் பம்பு மோட்டார் என்றால் முடிந்தால் அது ஓடும் கிணற்றுக்கே போங்கள். 5 எச்.பி. மோட்டார் 415 வோல்ட்டில் ஏறக்குறைய 7.5 ஆம்பியர் எடுக்கும். வோல்டேஜ் 350-க்கு இறங்கினால் அதே லோடுக்கு 9 பக்கம் போகும். மூன்று பேஸிலும் டாங் டெஸ்டர் (கம்பியைக் கவ்வி ஆம்பியர் காட்டும் கருவி) வையுங்கள். ஸ்டார்ட்டரையும் திறந்து பாருங்கள்: அடிக்கடி டிரிப் ஆகிறதென்று யாராவது ஓவர்லோடு ரிலேயை (கரண்ட் கூடினால் மோட்டாரை நிறுத்துவது) 10 ஆம்பியருக்குத் திருகி வைத்திருந்தால், மோட்டார் பிளேட்டில் உள்ள ஆம்பியருக்கு இறக்கிவிட்டு, ஏன் இறக்கினோம் என்பதை அந்த விவசாயிக்கும் சொல்லிவிட்டு வாருங்கள்.