மாடல் சொன்ன அளவும் தொட்டி கேட்ட அளவும்: பாசி வளர்ப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

குமரி மாவட்டத்தில் ராஜாக்கமங்கலம் பக்கத்தில், சாப்பிடும் பொடிக்காகப் பாசி வளர்க்கும் ஒரு ஸ்பைருலினாத் தொட்டிக்கு நான் உரக் கணக்குப் பார்த்துக் கொடுக்கிறேன். 10 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம், 20 சென்டிமீட்டர் தண்ணீர். மொத்தம் 6,000 லிட்டர். மெட்டபாலிக் மாடலை, அதாவது பாசி செல்லின் வேதிவினைகளைக் கணக்கிடும் கணினி மாடலை வைத்து அளவு சொல்ல ஆரம்பித்த முதல் மாதமே பெரிய தவறு ஒன்றைச் செய்தேன். தினமும் அறுவடை செய்து பிழிந்த கட்டி 1.2 கிலோ இருந்தது. அந்த எடையை அப்படியே கணக்கில் ஏற்றினேன். மாடல் பேசுவது உலர் எடையில். பிழிந்த கட்டியில் ஐந்தில் நான்கு பங்கு தண்ணீர், பாசி 240 கிராம்தான்.

ஸ்பைருலினாவின் உலர் எடையில் ஏறத்தாழ 10 சதவீதம் நைட்ரஜன். சோடியம் நைட்ரேட்டில் 16.5 சதவீதம். அப்படியானால் நாளொன்றுக்கு 146 கிராம் நைட்ரேட் போதும். நாங்கள் 730 கிராம் கொட்டிக்கொண்டிருந்தோம். பாசி சாகவில்லை, நிறமும் மாறவில்லை. அதனால்தான் தவறு வெளியே தெரியப் பல நாள் ஆனது. காசு போனது ஒரு பக்கம். சாப்பிடப் போகும் பொருளில் நைட்ரேட் ஒட்டிக்கொண்டு வரக்கூடாது என்று கட்டியைத் திரும்பத் திரும்பக் கழுவ வேண்டியதாயிற்று. அதற்கு நல்ல தண்ணீர் குடம் குடமாகச் செலவானது.

இந்த மாடல் என்பது என்ன? பாசியின் மரபணுக்களைப் படித்து, அதன் செல்லுக்குள் நடக்கக்கூடிய வேதிவினைகள் எல்லாவற்றையும் எழுதிவைத்த கணக்கேடு. ஒவ்வொரு பொருளும் உள்ளே எவ்வளவு உண்டாகிறதோ அவ்வளவும் செலவாக வேண்டும் என்ற நிபந்தனையை வைத்து, 'இவ்வளவு வெளிச்சம், இவ்வளவு நைட்ரேட் கொடுத்தால் அதிகபட்சம் எவ்வளவு வளரும்?' என்று கணினியைக் கேட்கிறோம். கல்யாணச் சமையல்காரர் ஆள் எண்ணிக்கையைக் கேட்டுச் சாமான் லிஸ்ட் போடுவது மாதிரிதான். அவியலுக்குத் தேங்காய் குறைந்தால், காய் எத்தனை கூடை இருந்தாலும் இலை எண்ணிக்கை தேங்காயோடு நின்றுவிடும். தொட்டியில் எது அந்தத் தேங்காய் என்று சொல்வதுதான் மாடலின் வேலை. கோப்ராபை போன்ற இலவச மென்பொருளில் சாதாரண லேப்டாப்பிலேயே இதை ஓட்டிவிடலாம்.

எடைத் தவறுக்கு அண்ணன் தம்பி மாதிரி இன்னொன்று உண்டு, நேர அலகு. மாடல் கேட்பது ஒரு கிராம் உலர் பாசி ஒரு மணி நேரத்தில் ஒரு சத்தை எத்தனை மில்லிமோல் (மூலக்கூறுகளை எண்ணும் அலகு) உள்ளே எடுக்கிறது என்பதை. லிட்டருக்கு அரை கிராம் அடர்த்தி என்றால் எங்கள் தொட்டியில் 3,000 கிராம் பாசி நிற்கிறது. அதில் 240 கிராம் தினமும் புதிதாக வளர்கிறது. கணக்குப் போட்டால் நைட்ரேட் தேவை கிராமுக்கு மணிக்குச் சுமார் 0.024 மில்லிமோல். ஒரு நாள் கணக்கான 0.57-ஐ மணிக்கணக்கு இடத்தில் எழுதிவிட்டால் 'நைட்ரஜனுக்குப் பஞ்சமே இல்லை' என்று மாடல் சொல்லும். நீங்களும் நம்பி, குறையை வேறு எங்கோ தேடிக்கொண்டிருப்பீர்கள்.

அடுத்தது, ஊரான் வீட்டு மாடலை அப்படியே எடுத்துவைப்பது. குளோரெல்லா வல்காரிஸுக்கு 2016இல் வெளிவந்த ஐசிஇசட்843 மாடல் நன்றாகச் செய்யப்பட்ட ஒன்று. அதற்காக ஸ்பைருலினாத் தொட்டிக்கு அது ஆகாது. குளோரெல்லா பச்சைப்பாசி, ஸ்பைருலினா உண்மையில் நீலப்பச்சை நுண்ணுயிர், பாக்டீரியா வகை. ஸ்பைருலினாவுக்கென்று தாய்லாந்து ஆய்வாளர்கள் 2012இல் ஐஏகே692 என்ற மாடலை வெளியிட்டார்கள். அதில் தொடங்குவது சரி. அதிலும் ஒரு வரியை மட்டும் கண்ணை மூடிக்கொண்டு நம்பாதீர்கள்: உயிர்நிறைச் சமன்பாடு. ஒரு கிராம் பாசி செய்யப் புரதம் இவ்வளவு, மாவுப்பொருள் இவ்வளவு, கொழுப்பு இவ்வளவு என்று சொல்லும் வரி அது. உர அளவு முழுக்க அந்த ஒரு வரியிலிருந்துதான் பிறக்கிறது.

அந்த விகிதமோ நிலையானது இல்லை. நைட்ரஜன் குறைந்தால் பாசி புரதத்தைக் குறைத்து மாவுப்பொருளைச் சேர்க்கும். அறுபது சதவீதப் புரதம் என்று எழுதிவைத்த மாடல், நாற்பதுக்கு இறங்கிவிட்ட பாசிக்கும் அறுபதுக்கான நைட்ரேட்டையே கேட்கும். குளோரெல்லாவில் 2018இல் வந்த ஓர் ஆய்வு இதைத்தான் சரிசெய்தது. வளர்ச்சியின் ஒவ்வொரு கட்டத்திலும் அளந்த அமைப்பை மாடலுக்குக் கொடுத்து, தேவை நாளுக்கு நாள் எப்படி மாறுகிறது என்று பார்த்தார்கள். நம்மால் அந்த அளவுக்கு முடியாவிட்டாலும், மாதம் ஒருமுறை காய்ந்த பொடியில் புரதம் பார்த்து அந்த வரியைத் திருத்தலாம். அந்தச் செலவு உரத்தில் திரும்பி வந்துவிடும்.

யூரியா விஷயத்தில்தான் பலர் நிஜமாகவே தொட்டியை இழக்கிறார்கள். அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். நைட்ரேட்டை அம்மோனியாவாக மாற்ற பாசி 8 எலக்ட்ரான்கள் செலவழிக்க வேண்டும். யூரியாவில் அந்தச் செலவு இல்லை. ஆகவே மாடலில் நைட்ரேட்டுக்குப் பதில் யூரியா கொடுத்தால் வளர்ச்சி கூடும் என்றுதான் விடை வரும். விலையும் குறைவு, 46 சதவீதம் நைட்ரஜன். யாருக்குத்தான் ஆசை வராது! ஆனால் மாடலுக்குத் தொட்டியின் பிஎச், அதாவது கார அளவு, தெரியாது. ஸ்பைருலினாத் தண்ணீர் பிஎச் 10 பக்கம் நிற்கும். யூரியா உடைந்து வரும் அம்மோனியம், அந்தக் காரத்தில் பத்தில் எட்டுப் பங்குக்கு மேல் அம்மோனியாவாக மாறிவிடும். அது செல்லுக்குள் புகுந்து ஒளிச்சேர்க்கையையே நிறுத்தும், மிச்சம் காற்றில் போய்விடும். மதிய வெயிலில் தண்ணீர் சூடேறினால் இன்னும் மோசம். தொட்டிப் பக்கம் போனதும் மூக்கில் நெடி ஏறினால் காரியம் கைமீறிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். யூரியா போட்டே ஆகவேண்டும் என்றால் அன்றன்றைக்குத் தேவையான நைட்ரஜனில் ஒரு சிறு பங்கை மட்டும், பலமுறை பிரித்துப் போடுங்கள். மாடலில் யூரியா உள்ளே வரும் வேகத்துக்கு நீங்களே ஒரு உச்சவரம்பு கட்டுங்கள். ஒரு வாரத்துக்கு உரியதை ஒரே நாளில் கொட்டாதீர்கள்.

இதே மாதிரி, போட்டது எல்லாம் பாசிக்குக் கிடைத்துவிடும் என்று நினைப்பதும் தவறு. எங்கள் கடற்கரையோரக் கிணற்றுத் தண்ணீர் கடினத்தன்மை உள்ளது. ஒருநாள் சோடா உப்பும் பாஸ்பேட்டும் கரைத்துக் கிணற்றுத் தண்ணீரை விட்டோம். அங்கே வேலை செய்யும் அக்கா எட்டிப் பார்த்துவிட்டு, "மக்ளே, தண்ணி ஏன் பால் கணக்கா இருக்கு?" என்று கேட்டார். அந்தக் கேள்விதான் எங்களைக் காப்பாற்றியது. தண்ணீரில் இருந்த கால்சியம், பாஸ்பேட்டையும் கார்பனேட்டையும் பிடித்துக்கொண்டு வெள்ளையாய் அடியில் உட்கார்ந்துகொண்டிருந்தது. கணக்குப்படி பாஸ்பேட் தாராளம், பாசிக்கோ பட்டினி. இரும்பும் இப்படித்தான் வீழ்படிவாகும். ஸ்பைருலினா வளர்க்க 1966இல் வெளிவந்த ஸாரூக் உரக் கரைசலில், இரும்பைக் கரைந்த நிலையில் பிடித்து வைத்திருக்க லிட்டருக்கு 0.08 கிராம் இடிடிஏ என்ற வேதிப்பொருளைச் சேர்த்திருப்பது சும்மா இல்லை. பல மாடல்களின் உயிர்நிறை வரியில் இரும்பு போன்ற நுண்சத்துகளே இருக்காது. அப்போது 'இரும்பு தேவையில்லை' என்றுதான் மாடல் சொல்லும். அது எழுதாமல் விட்ட கணக்கு, தேவையில்லை என்ற கணக்கு அல்ல.

வெளிச்சத்தை ஒரே எண்ணாகக் கொடுக்காதீர்கள். உச்சி வெயில் சதுர மீட்டருக்கு நொடிக்குச் சுமார் 2,000 மைக்ரோமோல் ஒளித்துகள். எங்கள் தொட்டியில் லிட்டருக்கு அரை கிராம் இருந்தால் ஒரு கிராம் பாசிக்கு மணிக்கு 72 மில்லிமோல் வருகிறது. அறுவடையைத் தள்ளிப்போட்டு அடர்த்தி ஒரு கிராம் ஆனால் அதே வெயிலில் 36தான். இதுவும் சராசரி. மேலே இருப்பது வெயிலில் வாடும், அடியில் இருப்பது இருட்டில் கிடக்கும். துடுப்புச் சக்கரம் சுற்றுவது அதற்காகத்தான். இரவில் ஒளி பூஜ்யம், பாசி சேமித்ததைச் செலவழிக்கும். பகலையும் இரவையும் தனித்தனியாக ஓட்டாத மாடல் இந்தச் செலவைத் தவறவிடும்.

நம் மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு. வேறு இடத்து வெளிச்சக் கணக்கை வைத்தால் ஆனி, ஆடிச் சாரல் மூட்டத்தில் பாசி தின்னாத நைட்ரேட் சேர்ந்துகொண்டே போகும். ஐப்பசி அடைமழையில் நிலைமை நேர் எதிர். கூரையில்லாத இந்த அளவுத் தொட்டியில் 5 சென்டிமீட்டர் மழை விழுந்தால் 1,500 லிட்டர் தண்ணீர் கூடுகிறது, எல்லா உப்பின் அடர்த்தியும் முன்பிருந்ததில் எண்பது சதவீதத்துக்கு இறங்கிவிடும். வழிந்து ஓடினால் உப்போடு பாசியும் போகும். வெயில் காலத்தில் தண்ணீர் வற்றி, அளவுகள் உயர்ந்து பொய் சொல்லும். ஆகவே தினமும் முதலில் தண்ணீர் மட்டத்தைக் குறித்துவிட்டு அப்புறம் மற்றதை அளக்க வேண்டும்.

ஒரு விடை வந்ததும் அதுதான் ஒரே விடை என்று நினைப்பவர்களும் இருக்கிறார்கள். அதே வளர்ச்சியைச் செல் பல வழிகளில் அடையலாம், கணினி அதில் ஒன்றைக் காட்டுகிறது. ஒவ்வொரு வினையும் எந்த எல்லைவரை ஆடலாம் என்று பார்க்கும் வசதி அதே மென்பொருளில் இருக்கிறது. ஓட்டிப் பாருங்கள். எல்லை குறுகலாக இருந்தால் அந்த அளவை நம்பலாம், அகலமாக இருந்தால் நம்பாதீர்கள்.

இப்போது நாங்கள் செய்வது இவ்வளவுதான். காலையில் மட்டம், பிஎச், வெப்பம் எழுதுகிறோம். வாரம் இருமுறை ஒரு லிட்டரை வடிகட்டி, கழுவி, அடுப்பில் உலர்த்தி எடை பார்க்கிறோம். நைட்ரேட்டைக் காகிதப் பட்டையில் பார்க்கிறோம். மாடல் சொன்ன எண்ணையும் தொட்டியில் கிடைத்த எண்ணையும் ஒரே நோட்டில் பக்கத்துப் பக்கத்தில் எழுதுகிறோம். இரண்டும் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் விலகினால் அன்று உரம் கூட்டுவதும் இல்லை, குறைப்பதும் இல்லை. முதலில் அக்காவைக் கூப்பிட்டுத் தொட்டியைப் பார்க்கச் சொல்கிறோம்.