பிள்ளைக்குப் பள்ளி தேடும் முன் வழியை ஒருமுறை நடந்து பாருங்கள்

புதிய நாட்டில் வேலை, வீடு, வங்கிக் கணக்கு என்று அலைந்துகொண்டிருக்கும் முதல் மாதத்திலேயே பிள்ளையின் பள்ளியையும் முடிவுசெய்ய வேண்டியிருக்கும். நம்மவர்களில் பெரும்பாலோர் முதலில் தேடுவது, பள்ளிகளைத் தேர்வு முடிவுகளின்படி வரிசைப்படுத்தும் தேர்ச்சிப் பட்டியலைத்தான். அதைத் திறப்பதற்கு முன், ஒரு வேலைநாள் காலையில், பள்ளி தொடங்கும் நேரத்துக்கே, பிள்ளையையும் அழைத்துக்கொண்டு அந்த வழியில் ஒருமுறை போய்ப் பாருங்கள். வரைபடம் 20 நிமிடம் என்று காட்டும் பயணம், பேருந்துக்குக் காத்து நின்று, இறங்கி நடந்து முடிப்பதற்குள் 45 நிமிடம் ஆகிவிடலாம். அதே வழியில் மாலையிலும் திரும்பும் பிள்ளைக்கு விளையாடவும் உங்களோடு பேசவும் எவ்வளவு பொழுது மிஞ்சும்?

பெற்றோர் இருவரும் வேலைக்குப் போவதானால், பள்ளி விட்ட பிறகு நீங்கள் வீடு திரும்பும் வரை பிள்ளை யார் பொறுப்பில் இருக்கும் என்பதை முன்னரே தீர்மானியுங்கள். பள்ளியிலேயே மாலைநேரப் பராமரிப்பு இருந்தாலும், அதற்குத் தனிக் காத்திருப்போர் பட்டியல் இருக்கக்கூடும்.

வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன்பே பள்ளியை விசாரித்துவிடுங்கள். பல நாடுகளில் முகவரிதான் அரசுப் பள்ளியைத் தீர்மானிக்கிறது. இங்கிலாந்தில் செப்டம்பரில் தொடங்கும் ஆரம்பப் பள்ளிக்கு அவ்வாண்டு ஜனவரி 15, இடைநிலைப் பள்ளிக்கு அதற்கு முந்தைய அக்டோபர் 31 என்று விண்ணப்பக் கெடு உண்டு. கல்வியாண்டின் நடுவில் வருபவர்கள் இடம் காலியாக உள்ள பள்ளிகளிலிருந்தே தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கும் என்பதால், அண்ணனுக்கும் தங்கைக்கும் ஒரே பள்ளி கிடைத்துவிடும் என்று நம்பி இருந்துவிடாதீர்கள்.

அடுத்து, நம் விழுமியங்கள். கனடாவின் ஒன்டாரியோவில் கத்தோலிக்கப் பள்ளிகள் அரசு நிதியிலேயே இயங்குகின்றன; வீட்டருகே இருப்பது அத்தகைய பள்ளியாக இருந்தால், வேறு சமயத்தவரான பெற்றோர் தயங்குவது இயல்பே. இங்கிலாந்துப் பள்ளிகளில் சமயக் கல்வியிலிருந்தும் கூட்டு வழிபாட்டிலிருந்தும் பிள்ளையை விலக்கிக்கொள்ளப் பெற்றோருக்குச் சட்டப்படி உரிமை உண்டு. ஆனால் அந்த நேரத்தில் பிள்ளை எங்கே, யாரோடு உட்கார்ந்திருக்கும் என்பதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

மொழியையும் வழிபாட்டையும் வீட்டிலும் வாரயிறுதித் தமிழ்ப் பள்ளியிலும் வளர்க்க நம்மால் முடியும். பிள்ளையை அன்றாடம் மதிப்போடு நடத்துவதை மட்டும் பள்ளிதான் செய்ய வேண்டும். அதில் விட்டுக்கொடுக்கவே கூடாது என்பது என் உறுதியான எண்ணம். நாங்கள் பார்க்கச் சென்ற ஒரு பள்ளியில், மொழி புரியாமல் விழித்து நின்ற சிறுவன் ஒருவன் முன் ஆசிரியை முழந்தாளிட்டு அமர்ந்து, அவன் புத்தகப்பையைக் கையில் எடுத்து, மாட்ட வேண்டிய கொக்கியைக் காட்டி, அவனே மாட்டும்வரை காத்திருந்தார். தேர்ச்சிப் பட்டியலில் மிகவும் பின்னால் இருந்த பள்ளி அது. நடந்து போகும் தூரத்தில் இருந்தது. எங்கள் மகளை அங்கேயே சேர்த்தோம்.