வீடு மாறும்போது பில் எகிறுவது எங்கே?

சென்னையிலிருந்து கோவைக்கோ பெங்களூருக்கோ வீடு மாறுகிறவர்கள் செய்யும் பெரிய தவறு, போனிலேயே விலை கேட்டு, இருப்பதில் குறைவாகச் சொன்ன பேக்கர்ஸ் அண்ட் மூவர்ஸுக்கு அட்வான்ஸ் அனுப்பிவிடுவது. ‘டபுள் பெட்ரூம் வீடு, எவ்வளவு ஆகும்?’ என்று கேட்டால் யாராலும் ஒழுங்கான விலை சொல்ல முடியாது. 14 அடி லாரி போதுமா, 17 அடி வேண்டுமா, எத்தனை ஆள் வரவேண்டும் என்பதெல்லாம் சாமானைப் பார்த்தால்தான் தெரியும். நேரில் வரச் சொல்லிக் காட்டுங்கள். முடியாவிட்டால் வீடியோ காலிலாவது காட்டுங்கள். பரணையும் பால்கனியையும் விட்டுவிடாதீர்கள். பித்தளை அண்டா, பூந்தொட்டி, பழைய சைக்கிள் எல்லாம் கடைசி நேரத்தில்தான் வெளியே வரும். பட்டியலில் இல்லாத ஒவ்வொன்றுக்கும் தனிக் காசு கேட்பார்கள்.

ஏமாற்றுகிறவர்களுக்கும் இந்தப் போன் விலைதான் வசதி. குறைவாகச் சொல்லிச் சாமானை ஏற்றிவிடுவார்கள். அப்புறம் போன் வரும்: எடை கூடிவிட்டது, டோல் தனி, ஜிஎஸ்டி தனி, பணம் போட்டால்தான் இறக்குவோம். குடும்பத்தின் மொத்த உடைமையும் அவர்கள் லாரியில் இருக்கும்போது என்ன பேரம் பேச முடியும்? பேச வேண்டியதை ஏற்றுவதற்கு முன்பே பேசிவிட வேண்டும். பேக்கிங், ஏற்றுகூலி, இறக்குகூலி, டோல், வரி எல்லாம் சேர்த்து ஒரே தொகையாக எழுதி வாங்குங்கள். இரண்டு பக்கமும் எத்தனையாவது மாடி, லிஃப்ட் உண்டா, தெருவுக்குள் லாரி வருமா என்பதை நீங்களே முன்கூட்டிச் சொல்லிவிடுங்கள். லாரி நுழையாத சந்து என்றால் குட்டியானையில் மாற்றி ஏற்ற வேண்டியிருக்கும். அதற்கும் செலவு உண்டு. பணத்தில் பெரும்பகுதியைச் சாமான் இறங்கிய பிறகு கொடுப்பதாகப் பேசிக்கொள்ளுங்கள்.

பேர்பெற்ற நிறுவனங்களின் பெயரைக் கொஞ்சம் மாற்றி வைத்துக்கொண்டு நடத்துகிறவர்களும் இருக்கிறார்கள். பில்லில் இருக்கும் 15 இலக்க ஜிஎஸ்டி எண்ணை ஜிஎஸ்டி இணையதளத்தில் போட்டுப் பாருங்கள். தமிழ்நாட்டுப் பதிவு என்றால் 33 என்று தொடங்கும்.

இன்ஷூரன்ஸ் விஷயத்தில்தான் படித்தவர்களும் சறுக்குகிறார்கள். சாமான் மதிப்பில் 3% என்று கேட்பது சகஜம். சரி, கொடுக்கலாம். ஆனால் அந்தப் பணத்துக்குக் காப்பீட்டு நிறுவனத்தின் பாலிசி உங்கள் பெயரில் வந்ததா என்று பாருங்கள். பில்லில் ‘இன்ஷூரன்ஸ்’ என்று ஒரு வரி இருப்பது பாலிசி ஆகாது. டிவி உடைந்தால் யாரிடம் கேட்பீர்கள்?

தேதியும் விலையை மாற்றும். மாதக் கடைசி, முதல் தேதி, பள்ளி விடுமுறை முடியும் நேரம் எல்லாம் கிராக்கி. உங்களுக்குச் சம்மதமென்றால் ஆடியிலும் மார்கழியிலும் பேச இடம் கிடைக்கும். வேறு சாமானோடு சேர்த்து ஏற்றும் பார்ட் லோடு மலிவு. வந்து சேரத் தாமதமாகும்.

சாமான் இறங்கியதும் கையெழுத்து கேட்பார்கள். பெட்டிகளைப் பட்டியலோடு சரிபார்த்து, உடைந்ததையும் காணாததையும் அதே தாளில் எழுதிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். வழக்குப் போடுவதென்றால், சாமானை புக் செய்த நாளிலிருந்து 180 நாளுக்குள் எழுத்துமூலம் நோட்டீஸ் கொடுத்திருக்க வேண்டும் என்கிறது 2007ஆம் ஆண்டின் சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.