காலேஜ் முடிச்சு சென்னைக்கு வேலைக்கு வர்றீங்களா? முதல் ரெண்டு வருஷம் கூச்சப்படாம கேக்க வேண்டியதெல்லாம்

திருநெல்வேலி, தூத்துக்குடி, விருதுநகர் பக்கத்துல இருந்து ஒவ்வொரு வருஷமும் ஜூன் ஜூலைல கிளாம்பாக்கத்துலயும் தாம்பரத்துலயும் பெட்டியோட வந்து இறங்குற தம்பி தங்கச்சிங்களுக்காகத்தான் இத எழுதுறேன். ஏழெட்டு வருஷமா வேளச்சேரி, பெருங்குடி பக்கம் இருக்கேன், புதுசா வர்றவங்க நிறைய பேர் என் ரூம்ல தங்கிதான் வீடு தேடியிருக்காங்க. அவங்கள்லாம் பணத்தையும் தூக்கத்தையும் தொலைச்சத பக்கத்துல இருந்து பாத்ததுல எனக்குப் புரிஞ்சது ஒண்ணுதான், பாதிக்கு மேல கேக்கக் கூச்சப்பட்டதால வந்த வினை. இதுவரைக்கும் பேங்க்லயும் தாலுகா ஆபீஸ்லயும் நின்னு பேசுனது அப்பாவோ மாமாவோ, நாம பின்னாடி ஃபைலப் புடிச்சிட்டு நின்னோம், இனிமே பேச வேண்டியது நாமதான்.

ஆஃபர் லெட்டர் வந்ததும்

வருஷத்துக்கு 3,60,000னு போட்டிருக்கும், வீட்ல உடனே மாசம் 30,000னு கணக்குப் போட்டு சொந்தக்காரங்க எல்லாருக்கும் சொல்லிடுவாங்க. கைக்கு அவ்ளோ வராது. பேசிக் (அடிப்படைச் சம்பளம்) 15,000னு வச்சுக்கங்க, கம்பெனி உங்க பிஎஃப்க்கு (வருங்கால வைப்பு நிதி) போடுற 1,800ம் அந்த 30,000க்குள்ளயே இருக்கும், கிராஜுவிட்டின்னு (வேலைய விடும்போது தர்ற பணிக்கொடை) ஒரு 720 இருக்கும் (நிரந்தர வேலைன்னா 5 வருஷம் இருந்தாத்தான் அது கைக்கு வரும்), அதுக்கு மேல உங்க பங்கு பிஎஃப் 1,800, தொழில் வரி ஆறு மாசத்துக்கு 1,250, எல்லாம் போக 25,500 கிட்டதான் வரும். வேரியபிள் பேன்னு (வேலையப் பாத்து கூடக் குறையத் தர்ற பங்கு) ஒரு தொகைய உள்ள வச்சிருந்தா இன்னும் குறையும். அதனால சேர்றதுக்கு முன்னாடியே எச்ஆருக்கு ஒரு மெயில் போடுங்க, மாசம் கைக்கு எவ்ளோ, பாண்ட் (இத்தன வருஷம் விட்டுப் போகக் கூடாதுங்கற ஒப்பந்தம்) உண்டா, நோட்டீஸ் பீரியட் (ராஜினாமா குடுத்ததுக்கு அப்புறமும் வேலை பாக்க வேண்டிய காலம்) எத்தன நாள், இந்த மூணும் போதும், யாரும் தப்பா நெனைக்க மாட்டாங்க, தினமும் அவங்க பதில் சொல்ற கேள்விதான் அது. ஒரிஜினல் சர்டிஃபிகேட்ட பாத்துட்டு அங்கயே திருப்பிக் குடுத்துடணும், வச்சுக்கிறோம்னு சொன்னா குடுக்காதீங்க. வேலை தர்றதுக்குப் பணம் கேட்டா அது வேலையே இல்ல.

இன்னொரு முக்கியமான விஷயம், பேரு. நம்ம ஊர்ல ஆதார்ல இனிஷியல் முன்னாடி இருக்கும், பான் கார்டுல அப்பா பேரு முழுசா விரிஞ்சு பின்னாடி நிக்கும், மார்க் ஷீட்ல இனிஷியல் பின்னாடி புள்ளி வச்சு இருக்கும், பிஎஃப் கணக்குல எச்ஆர் நாலாவதா ஒரு விதமா அடிச்சு வைப்பாங்க. அன்னைக்கு ஒண்ணும் தெரியாது, வேலை மாறும்போது பிஎஃப் பணம் நகராம அப்படியே நிக்கும். சேர்ந்த முதல் மாசத்துலயே யுஏஎன் நம்பர் (பிஎஃப் கணக்குக்கான 12 இலக்க நம்பர்) வாங்கி, பிஎஃப் வெப்சைட் உள்ள போயி பேரும் பொறந்த தேதியும் ஆதார்ல இருக்கற மாதிரியே இருக்கான்னு, அப்பா பேரு சரியா இருக்கான்னு பாத்துடுங்க. அப்பவே சரி பண்றது ஈஸி. பிஎஃப் பாஸ்புக்கயும் தொறந்து பாருங்க, கம்பெனி போடுற 1,800ல 1,250 பென்ஷனுக்குப் போயிடும், 550 மட்டும்தான் உங்க 1,800ஓட சேரும், இது தெரியாம ஏமாத்துறாங்கன்னு சண்டைக்குப் போனவங்க இருக்காங்க.

வீடு

முதல் ரெண்டு மாசம் பிஜிலயோ (சாப்பாட்டோட தங்குற விடுதி) திருவல்லிக்கேணி மேன்ஷன்லயோ தெரிஞ்ச பசங்க ரூம்லயோ இருந்துட்டு ஏரியா பழகுனதுக்கு அப்புறம் வீடு பாருங்க. ஊர்ல இருந்துக்கிட்டே ஆன்லைன்ல ஃபோட்டோ பாத்து டோக்கன் அட்வான்ஸ் அனுப்பவே அனுப்பாதீங்க, அனுப்பி ஏமாந்துட்டா உடனே 1930க்கு (ஆன்லைன் மோசடி புகார் நம்பர்) கால் பண்ணுங்க, எவ்ளோ சீக்கிரம் பண்றீங்களோ அவ்ளோ நல்லது.

அட்வான்ஸ் பத்தி. சென்னைல பத்து மாச வாடகை கேக்கறது ரொம்ப காலமா இருக்கற பழக்கம். ஆனா தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் (2017ல போட்டது, 2019 பிப்ரவரில அமலுக்கு வந்துச்சு) ஒப்பந்தத்துல வேற மாதிரி ஒத்துக்கலன்னா மூணு மாச வாடகைக்கு மேல வாங்கக் கூடாதுன்னு சொல்லுது. இதச் சொல்லி ஓனர்கிட்ட மல்லுக்கு நிக்கச் சொல்லல, "சார், புதுசா வேலைக்கு வந்திருக்கேன், அஞ்சு மாசம் தர்றேன்"னு கேட்டுப் பாருங்க, நான் பாத்த வரைக்கும் பாதிப் பேர் எறங்கி வருவாங்க, கேக்காதவங்கதான் பத்தும் குடுக்கறாங்க. அக்ரிமென்ட்ல காலி பண்ணும்போது பெயின்டிங்குக்கு எவ்ளோ புடிப்பாங்கன்னு எழுதியிருக்கான்னு பாருங்க. குடி போற அன்னைக்கே செவுரு, டைல்ஸ், பைப்பு எல்லாத்தையும் வீடியோ எடுத்து ஓனருக்கு வாட்ஸ்அப்ல அனுப்பிடுங்க. கரன்ட்டுக்கு சப் மீட்டரா, யூனிட் எவ்ளோன்னு கேளுங்க.

எல்லாத்தையும் விட முக்கியமா, ஓனர்கிட்ட கேக்காம தெருமுனைல இஸ்திரி போடுற அண்ணன்கிட்டயோ டீக்கடைலயோ கேக்க வேண்டிய கேள்வி ஒண்ணு இருக்கு, "அண்ணே, 2015 வெள்ளத்துலயும் மிக்ஜாம் புயலுக்கும் இந்தத் தெருவுல தண்ணி எது வரைக்கும் நின்னுச்சு?" அவர் கைய இடுப்புல வச்சுக் காட்டுனா கிரவுண்ட் ஃப்ளோர் வேண்டாம், வாடகை எவ்ளோ கம்மியா இருந்தாலும் வேண்டாம். வேளச்சேரி, பள்ளிக்கரணை, முடிச்சூர்ல அடுத்தடுத்த தெருவுக்கே வித்தியாசம் இருக்கும், அது மேப்புல தெரியாது.

தங்கச்சிங்களுக்கு, லேடீஸ் ஹாஸ்டல்னு போர்டு இருந்தா மட்டும் போதாது, பெண்கள், குழந்தைகள் விடுதிகளுக்குன்னு 2014ல வந்த தமிழ்நாட்டுச் சட்டப்படி பதிவு பண்ணியிருக்கணும், பதிவுச் சான்றிதழ் இருக்கான்னு வாய் விட்டுக் கேளுங்க, அப்பா அம்மா கூட வரும்போதே கேளுங்க. தாம்பரம், கூடுவாஞ்சேரில வேலைக்குப் போற பொண்ணுங்களுக்கான அரசோட தோழி விடுதிகள் இருக்கு, இடம் கெடைக்குமான்னு முதல்ல அங்க விசாரிச்சுட்டு அப்புறம் தனியார் பக்கம் போங்க.

வீட்டுக் கடன் கணக்கு

இதுதான் எல்லாத்தையும் விட கஷ்டமான பேச்சு, யாரும் சொல்லித் தராததும் இதுதான். நம்ம படிப்புக்கு அம்மா வளையல் பேங்க்ல இருக்கும், எஜுகேஷன் லோன் இருக்கும், அதுக்கு மேல ஊர்ல தெரிஞ்சவர்கிட்ட மூணு வட்டிக்கு வாங்குனது இருக்கும், அப்பா எதையும் சொல்ல மாட்டார். நாமளும் கேக்க மாட்டோம், முதல் சம்பளத்துல எல்லாருக்கும் துணி எடுத்துக் குடுத்துட்டு மாசம் கேக்கும்போதெல்லாம் அஞ்சாயிரம் பத்தாயிரம்னு அனுப்புவோம், அது எங்க போகுதுன்னே தெரியாது, ரெண்டு வருஷம் கழிச்சுப் பாத்தா நகை மூழ்கற நெலமைல இருக்கும்.

ஊருக்குப் போற ஒரு ஞாயித்துக்கெழமை சாப்பாட்டுக்கு அப்புறம் நோட்டு எடுத்து உக்காருங்க. "அப்பா, மொத்தம் எங்கெங்க எவ்ளோ இருக்குன்னு சொல்லுங்க, எனக்குத் தெரிஞ்சாத்தான் என் சம்பளத்தப் பிரிக்க முடியும்." முதல் பதில் "அதெல்லாம் நான் பாத்துக்கறேன், நீ வேலையப் பாரு"ன்னுதான் வரும். விட்டுடாதீங்க, கோவப்படவும் வேண்டாம், அம்மாகிட்ட கேளுங்க, எந்த நகை எந்த பேங்க்ல எந்தத் தேதில வச்சதுன்னு அம்மாவுக்கு மனப்பாடமா தெரியும், பீரோல புடவைக்கு அடில ரசீதும் இருக்கும். அம்மா சொல்ல ஆரம்பிச்சா அப்பா தானா வந்து "அது இல்ல, அதுல பாதி கட்டியாச்சு"ன்னு திருத்துவார், அங்கதான் பேச்சு ஆரம்பிக்கும். ஒவ்வொண்ணுக்கும் அசல், வட்டி, தேதி மூணும் எழுதிக்கங்க.

அப்புறம் வரிசை. மூணு வட்டின்னா நூத்துக்கு மாசம் மூணு ரூபா, வருஷத்துக்கு 36 பர்சென்ட், அதுதான் முதல்ல ஒழியணும். வீட்ல வெளிய இருக்கற நகைய பேங்க்ல வச்சு அந்தக் கடன அடைச்சாக்கூட வட்டில பெரிய தொகை மிச்சம், கேக்கறப்ப அம்மாவுக்கு மனசு வராது, கணக்க எழுதிக் காட்டுனா புரிஞ்சுக்குவாங்க. அடுத்தது தவணை தேதி நெருங்குற நகை. எஜுகேஷன் லோனுக்கு பொதுவா படிப்பு முடிஞ்சு ஒரு வருஷம் டைம் இருக்கும், ஆனா அதுவரைக்கும் வட்டி ஏறிக்கிட்டேதான் இருக்கும், பிராஞ்சுக்குப் போயி இன்னைக்கு மொத்தம் எவ்ளோன்னு எழுதி வாங்குங்க. வீட்டு வருமானம் வருஷத்துக்கு நாலரை லட்சத்துக்குள்ள இருந்தா சில படிப்புகளுக்கு, படிக்கற காலத்துக்கும் அந்த ஒரு வருஷத்துக்கும் ஆன வட்டிக்கு மத்திய அரசு மானியம் உண்டு, நம்மளுதுக்கு வந்துச்சான்னும் அங்கயே கேளுங்க. இஎம்ஐ (மாசத் தவணை) தவறுனா உங்க சிபில் (கடன ஒழுங்காக் கட்டுறீங்களான்னு காட்டுற ஸ்கோர்) மட்டுமில்ல, கூட கையெழுத்துப் போட்ட அப்பாவோடதும் எறங்கும்.

இதெல்லாம் தெரிஞ்சதுக்கு அப்புறம் வீட்டுக்கு இவ்ளோன்னு ஒரு தொகை, ஒரு தேதி முடிவு பண்ணி அனுப்புங்க. 25,500ல வாடகை, சாப்பாடு, பஸ்ஸு போக என்ன மிஞ்சும்னு அவங்களுக்கும் தெரியணும். "இந்த மாசம் முடியாதுப்பா"ன்னு ஒரு தடவ சொல்லிப் பழகிட்டா உறவு ஒண்ணும் அறுந்து போகாது. நான் பாத்த வீடுகள்ல எல்லாம் அதுக்கப்புறம்தான் அப்பா புள்ளைகிட்ட சரிக்குச் சமமா உக்காந்து பேச ஆரம்பிச்சார், கல்யாணப் பேச்சு வரும்போதும் அந்த மரியாதை கூட நிக்கும்.

கூட இருக்கறவங்களுக்கு இல்லைன்னு சொல்றது

ஃப்ரெண்டு பணம் கேட்டா கைல இருக்கறத குடுக்கலாம், திரும்பி வரலன்னாலும் பரவால்லன்னு தோணுற தொகைய மட்டும். ஷ்யூரிட்டி (ஜாமீன்) கையெழுத்தும், உங்க பேர்ல இஎம்ஐ போட்டு அவனுக்கு ஃபோன் எடுத்துக் குடுக்கறதும் வேற கணக்கு, அவன் கட்டலன்னா பேங்க் தேடி வர்றது உங்களத்தான். "எங்க வீட்ல லோனு ஓடுதுடா, என் பேர்ல இன்னொண்ணு முடியாது"ன்னு நேரா சொல்லுங்க, காரணம் நீளமா போகப் போக அவன் வழி கண்டுபுடிப்பான். கிரெடிட் கார்டு வேணும்னா வாங்குங்க, மினிமம் டியூ (பில்லுல குறைஞ்சபட்சம் கட்டச் சொல்ற தொகை) மட்டும் கட்டிட்டு விடாதீங்க, மீதிக்கு மாசம் மூணரை பர்சென்ட் கிட்ட வட்டி ஓடும், அதுவும் ஊர் வட்டி மாதிரிதான்.

நாலாவது மாசம்

புதுசெல்லாம் பழகுனதுக்கு அப்புறம் ஒரு ஞாயித்துக்கெழம மத்தியானம் திடீர்னு ஒண்ணுமே புடிக்காம போகும். காலேஜ் குரூப்ல மெசேஜ் கொறைஞ்சிருக்கும், ஒருத்தன் பெங்களூர்ல சம்பளம் ஜாஸ்தின்னு ஸ்டேட்டஸ் போட்டிருப்பான், ஊருக்கு ஃபோன் பண்ணா "நல்லாத்தான் இருக்கேன்"னு வாய் தானா சொல்லும். இது கிட்டத்தட்ட எல்லாருக்கும் வருது. அன்னைக்கு அம்மாவுக்கு ஃபோன் போட்டு ரசத்துக்கு எவ்ளோ புளின்னு கேட்டு செஞ்சு பாருங்க, சமைக்கத் தெரிஞ்சுக்கறது நெஜமாவே ஆளக் காப்பாத்தும், உடம்பயும் பர்சயும் சேத்து. ட்ரெயின் டிக்கெட் 60 நாள் முன்னாடி ஓபன் ஆகும், பொங்கலுக்கும் தீபாவளிக்கும் காலைல எட்டு மணிக்கு ரெடியா உக்காருங்க, நெல்லையும் முத்துநகரும் நிமிஷத்துல முடிஞ்சுடும், ஊருக்குப் போற தேதி கைல இருந்தா நடுவுல இருக்கற வாரங்கள் ஓடிடும். தூக்கம் சாப்பாடு ரெண்டும் வாரக்கணக்குல போச்சுன்னா, வாழவே புடிக்கலன்னு தோணுச்சுன்னா 14416க்கு கால் பண்ணுங்க, டெலி மானஸ்னு அரசோட இலவச லைன், ராத்திரி பகல் எப்பவும் எடுப்பாங்க, தமிழ்ல பேசலாம். ரூம்மேட் அப்படி இருந்தா நீங்களே கேளுங்க, "என்னடா, சாப்ட்டியா"க்கு அப்புறமும் ரெண்டு கேள்வி கேளுங்க.

முதல் வேலைய விடும்போது

மேனேஜர் கத்துனாருன்னு அடுத்த நாள்ல இருந்து போகாம இருக்கறத மட்டும் பண்ணிடாதீங்க. மெயில்ல ராஜினாமா குடுங்க, நோட்டீஸ் பீரியட முடிங்க, ரிலீவிங் லெட்டர், கடைசி மூணு மாச பே ஸ்லிப் கைல வந்துச்சான்னு பாருங்க, ஃபார்ம் 16 (சம்பளத்துல வரி புடிச்சதுக்கான சான்றிதழ்) எப்ப வரும்னும் கேட்டு வச்சுக்கங்க. பிஎஃப் பணத்த எடுத்து ஃபோன் வாங்காதீங்க, 5 வருஷம் சர்வீஸ் ஆகறதுக்குள்ள எடுத்தா வரிக் கணக்குல வரும், பென்ஷனுக்கு 10 வருஷ சர்வீஸ் வேணும், பென்ஷன் பங்கையும் சேத்து எடுத்துட்டா அந்தக் கணக்கும் அறுந்துடும். அதே யுஏஎன்ன புது கம்பெனிக்குக் குடுத்து பழச டிரான்ஸ்ஃபர் போடுங்க. பழைய கம்பெனி வேலைய விட்ட தேதிய பிஎஃப்ல போடாம இழுத்தடிச்சா, கடைசியா பணம் கட்டி ரெண்டு மாசம் ஆனதும் நீங்களே ஆன்லைன்ல போட்டுக்கலாம்.