'ஐ காண்ட் கமிட்' என்று தட்டிவிடுவதற்கு முன்னால்

சனிக்கிழமை சமூக மன்றத்தில் பூப்பந்து ஆட நாலு பேர் வேண்டும் என்று வாட்ஸ்அப்பில் கேட்டார்கள். 'ஐ காண்ட் கமிட்' என்று போட்டுவிட்டு, முடிந்தால் போகலாம் என்ற நினைப்பில் இருந்தேன். கேட்ட சீன நண்பரோ நான் வரவில்லை என்று எடுத்துக்கொண்டு வேறொருவரைச் சேர்த்துவிட்டார். மட்டையும் கையுமாகப் போய் நின்றவன் ஐந்தாவது ஆள். தப்பு என்மேல்தான்.

அந்த வாக்கியத்துக்கு 'இப்போதைக்கு உறுதி சொல்ல முடியாது' என்றுதான் பொருள், ஆனால் பலர் அதை நாசூக்கான மறுப்பாகவே எடுத்துக்கொள்வார்கள், நம் வீடுகளில் 'பார்க்கலாம்' என்று இழுத்தால் எப்படியோ அப்படி. வர வாய்ப்பு இருக்கிறதா, கடைசியில் ஒரு 'யெட்' போட்டு, எப்போது சொல்வீர்கள் என்பதையும் சேர்த்துவிடுங்கள்: 'ஐ காண்ட் கமிட் யெட், வில் லெட் யூ நோ பை தர்ஸ்டே'. வரப்போவதே இல்லை என்றால் 'சாரி, ஐ காண்ட் மேக் இட்' போதும்.

அப்புறம், தமிழில் வாக்கு 'கொடுக்கிறோம்' என்பதால் ஆங்கிலத்திலும் 'ஐ காண்ட் கிவ் கமிட்மெண்ட்' என்று வந்துவிடுகிறது. அங்கே 'மேக் எ கமிட்மெண்ட்' என்பதே அதிக வழக்கம். இதைவிட ஆபத்தானது 'ஐ ஹேவ் நோ கமிட்மெண்ட்'. அன்றைக்கு வேறு வேலை இல்லை என்று சொல்ல நினைத்து இதை மேலாளருக்கு அனுப்பினால், எனக்கு வேலையில் ஈடுபாடு இல்லை என்று நீங்களே எழுதிக்கொடுத்த மாதிரி ஆகிவிடும். 'ஐ யம் ஃப்ரீ' என்று எழுதுங்கள், யாரும் குறைவாக நினைக்க மாட்டார்கள்.

தமிழுக்குள் வந்து வேறு வேடம் போட்டுக்கொண்ட 'கமிட்' இன்னொரு தொல்லை. நடிகர் படத்தில் கமிட் ஆகிறார், காதலிக்கிறவர் கமிட்டட், வீட்டுக்கடனும் பிள்ளைகள் படிப்பும் 'நிறைய கமிட்மெண்ட்'. இந்தப் பழக்கத்தில் சனிக்கிழமை வேலைக்கு வர முடியுமா என்ற கேள்விக்கு, வேறு வேலை இருக்கிறது என்ற நினைப்பில் 'ஐ யம் கமிட்டட்' என்று மொட்டையாகப் பதில் போட்டால், வேலையில் அவ்வளவு பற்றா, இல்லை கல்யாணம் நிச்சயமாகிவிட்டதா என்று கேட்டவர் யோசிக்க வேண்டியிருக்கும். சிங்கப்பூரில் இதற்கு 'ஐ ஹேவ் சம்திங் ஆன்' என்று அழகான வழி இருக்கிறது. காரணமே சொல்ல வேண்டாம். (ரிசர்விஸ்ட், அதாவது தேசிய சேவை முடித்தவர்களை மறுபடி அழைக்கும் பயிற்சி, என்றால் தாராளமாகச் சொல்லலாம், அதற்குமேல் இந்த ஊரில் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள்.)

இலக்கணத்தில் ஒன்றே ஒன்று: 'கமிட் டு கம்' என்பதைவிட 'கமிட் டு கமிங்' என்பதே அதிக வழக்கம். 'லுக் ஃபார்வர்ட் டு'வில் வருகிற 'டு' மாதிரிதான் இது, பின்னால் பெரும்பாலும் பெயர்ச்சொல்லோ 'இங்' வடிவமோ வரும். கிழமையைச் சொல்லும்போதும் 'டு'வை விழுங்காதீர்கள், 'கமிட் டு சாட்டர்டே'. எழுத்துக்கூட்டலில் 'கமிட்டட்'டுக்கு எம்மும் டீயும் இரண்டிரண்டு, 'கமிட்மெண்ட்'டில் எம் இரண்டு, நடுவில் டீ ஒன்றுதான். கோயில் 'கமிட்டி'க்கு ஈயும் இரண்டு.