பொங்கலைத் தாண்டும் தீர்மானம்

ஜனவரி 1 அன்று, தினமும் காலை 5 மணிக்கு எழுந்து ஒரு மணி நேரம் நடப்பதாக முடிவெடுப்போம். மார்கழிக் குளிரில் அது பொங்கல் வரைகூடத் தாங்காது. என் அனுபவம் அதுதான்.

சரி, இந்த முறை இரவுச் சாப்பாட்டைப் பிடித்துக்கொள்ளுங்கள். தட்டைக் கழுவி வைத்த கையோடு செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் 10 நிமிடம் மெதுவாக நடங்கள். நடக்கும்போது கால் தசைகள் ரத்தத்திலுள்ள சர்க்கரையை எடுத்துக்கொள்ளும். சாப்பிட்டதும் அது எகிறுவது குறையும். தினமும் செய்கிற வேலையோடு ஒட்டியிருப்பதால் மறக்கவும் மறக்காது. கைபேசி வீட்டிலேயே இருக்கட்டும், அதற்கும் ஓய்வு வேண்டாமா?

ஒருநாள் விட்டுப்போனால் மறுநாள் 20 நிமிடமாக்க வேண்டாம், அதே 10 போதும். இன்சுலின் போடுபவர்கள் மட்டும் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.